வீட்டுப் போனில் வொய்ஸ்மெயிலும் ஆன்சரிங் மெஷினும்: திருகோணமலை வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

ரொறன்ரோவில் இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டு முடித்து ஒருவர் ஊருக்கு எடுத்தால், இங்கே அடுத்த நாள் காலை ஆறரை. அங்கே கோடைகாலம் என்றால் ஐந்தரை. அந்த நேரத்தில் அம்மா கிணற்றடியிலோ கோயிலிலோ இருப்பார். ஹோலில் 026 லைன் அடித்து ஓயும். யார் எடுத்தார்கள், என்ன விஷயம் என்று தெரியாது. கைபேசி இருக்கும் வீடுகளிலும் வயதானவர்கள் நம்பியிருப்பது பெரும்பாலும் இந்த வீட்டுப் போனைத்தான். நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து விருந்தினர் விடுதிகளுக்கும் டவுனில் உள்ள சின்னக் கிளினிக்குகளுக்கும் இதே சிக்கல் உண்டு.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, ஒருவரும் எடுக்காத கோலைத் தானே எடுத்துச் செய்தியைப் பதியும் ஆன்சரிங் மெஷின் ஒன்றை வீட்டிலேயே பூட்டுவது. மற்றது, அதே வேலையைத் தொலைபேசி நிறுவனத்தின் பக்கத்தில் செய்யும் வொய்ஸ்மெயிலை எடுப்பது. இரண்டையும் சேர்த்து வைக்கவும் முடியும், சரியாக வைத்தால் அதுதான் நல்லது. ஆனால் இரண்டில் எது முதலில் கோலை எடுக்கும் என்பதை நீங்கள் தீர்மானிக்க வேண்டும். தீர்மானிக்காமல் விட்டால் சில செய்திகள் மெஷினிலும் சில வொய்ஸ்மெயிலிலும் போய்ச் சேரும். ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு "ஒருவரும் எடுக்கவில்லை" என்று இருந்துவிடுவீர்கள்.

முதலில் லைன் எந்த வகை என்று பாருங்கள்

செப்புக் கம்பி லைன் என்றால் தூணிலிருந்து வரும் வயர் சுவர்ச் சொக்கெட்டில் முடியும். இந்த லைனுக்கான மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வருகிறது, சும்மா இருக்கும்போது ஏறத்தாழ 48 வோல்ட். அதனால் கரண்ட் போனாலும் வயருள்ள சாதாரணப் போன் வேலை செய்யும். ஆனால் மெஷினுக்குத் தனி அடப்டர் உண்டு. கரண்ட் போனால் அது நின்றுவிடும்.

ஃபைபர் என்றால் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கும். அதன் பின்னால் 'டெல்' அல்லது 'போட்ஸ்' என்று எழுதிய சிறிய துளையில்தான் போன் வயர் போக வேண்டும். இரண்டு துளைகள் இருந்தால் முதலாவதைப் பாவியுங்கள்; இரண்டாவது பெரும்பாலும் இயக்கப்பட்டிருக்காது. செம்பிலிருந்து ஃபைபருக்கு மாறிய வீடுகளில் அடிக்கடி நடக்கும் தவறு, மெஷினைப் பழைய சுவர்ச் சொக்கெட்டிலேயே விட்டுவைப்பது. அந்தச் சொக்கெட்டில் இப்போது உயிர் இல்லை. வீட்டுக்குள் ஓடும் பழைய வயரிங்கை ஃபைபர் பெட்டியோடு இணைக்க ஆசைப்பட்டால், வெளியிலிருந்து வரும் செப்புச் சோடியை முதலில் முழுதாகக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் வெளி லைனின் வோல்ட் பெட்டியின் துளைக்குள் ஏறி அதைப் பழுதாக்கலாம். இதை லைன்காரரைக் கொண்டு செய்விப்பதே நல்லது.

சிம் போட்ட ரவுட்டர் அல்லது மேசைப் போன் என்றால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். போன் வயர் பூட்டும் துளை இருந்தால் மெஷின் பூட்டலாம். துளை இல்லாத மேசைப் போனில் மெஷின் வைக்க வழியில்லை. கோலை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடுவது ஒன்றுதான் மிச்சம்.

பெட்டியில் வந்த மெஷின்

இங்கே பலருக்கு மெஷின் கிடைப்பது கடையிலிருந்து அல்ல, வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் சூட்கேசிலிருந்து. பூட்டுவதற்கு முன் அடப்டரின் அடியில் இருக்கும் எழுத்தை வாசியுங்கள். கனடா, அமெரிக்கா அடப்டர்களில் 'உள்ளீடு 120 வோல்ட்' என்று மட்டும் இருந்தால் நமது 230 வோல்டில் போட்ட உடனே அது போய்விடும். 100 முதல் 240 வரை என்று இருந்தால் பயமில்லை. 120 மட்டும் என்றால் அதன் வெளியீட்டு வோல்ட், அம்பியர், பிளக் முனையின் கூட்டல் கழித்தல் படம் மூன்றையும் குறித்துக்கொண்டு போய் அதே அளவில் 230 வோல்ட் அடப்டர் வாங்குங்கள். அம்பியர் கூட இருந்தால் பிழையில்லை. வோல்ட் கூடக் கூடாது.

அங்கிருந்து வரும் கோர்ட்லெஸ் மெஷின்களில் 'டெக்ட் 6.0' என்று எழுதியிருக்கும். டெக்ட் என்பது கோர்ட்லெஸ் போன்கள் பாவிக்கும் ரேடியோ முறை. அவை 1920 முதல் 1930 மெகாஹேர்ட்ஸ் வரை பாவிப்பவை. ஐரோப்பிய டெக்ட் 1880 முதல் 1900 வரை. அமெரிக்க வகை பாவிக்கும் அலைவரிசை இந்தப் பக்கத்து நாடுகளில் கைபேசிச் சேவைக்கு ஒதுக்கப்பட்டது. அதனால் அதை இங்கே இயக்குவது அயலவரின் கைபேசிக்கும் இடைஞ்சல், சட்டத்துக்கும் பொருந்தாது. வயருள்ள மெஷின் என்றால் இந்தக் கவலையே இல்லை.

லண்டனிலிருந்து வந்ததற்கு வேறு பிரச்சினை. வோல்ட் பொருந்தும், அலைவரிசை பொருந்தும், வயர் நுனி பொருந்தாது. பிரிட்டிஷ் போன் பிளக் அகலமானது, பக்கத்தில் கொக்கி உள்ளது. நமது சொக்கெட்டில் போகாது. சாதாரண போன் வயர் வாங்கி மாற்றினால் சில மெஷின்கள் வேலை செய்யும், சில செய்யாது. காரணம், அங்கத்தைய சில மெஷின்களில் லைன் வருவது துளையின் நடு இரண்டு கம்பிகளில் அல்ல, அவற்றுக்கு வெளிப்பக்க இரண்டில். வயரை மாற்றியும் டயல் டோன் வராவிட்டால் மெஷின் பழுது என்று எறிந்துவிடாதீர்கள். அதனோடு வந்த வயரையே வைத்துக்கொண்டு, பிரிட்டிஷ் பிளக்கை நமது சொக்கெட்டுக்கு மாற்றும் சிறிய அடப்டர் ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

புதிதாக வாங்குவதென்றால், உங்கள் குரலில் பதிவு செய்ய முடிகிறதா, கரண்ட் போனாலும் செய்திகள் அழியாமல் இருக்குமா, எத்தனை ரிங்குக்குப் பிறகு எடுப்பது என்பதை மாற்ற முடிகிறதா என்ற மூன்றையும் கேளுங்கள். மூன்றாவது இல்லாத மெஷினை வாங்கவே வேண்டாம். பதிவு நேரம் மாடலைப் பொறுத்து 15 நிமிடம் முதல் 40 நிமிடம் வரை இருக்கும். ஒரு வீட்டுக்கு 15 போதும்.

பூட்டும் ஒழுங்கு

1. கரண்ட் கொடுப்பதற்கு முன்னர் போன் வயரை மெஷினின் 'லைன்' துளையில் பூட்டுங்கள். பக்கத்தில் 'டெல்' அல்லது 'எக்ஸ்ட்' என்று இன்னொரு துளை இருந்தால் அது பழைய போனை மெஷினோடு சேர்ப்பதற்கு. இரண்டும் மாறிப் போனால் மெஷின் கோலை எடுக்காமல் விடலாம்.

2. செப்பு லைனில் இணையமும் வருகிறதென்றால் சொக்கெட்டுக்கும் மெஷினுக்கும் நடுவில் ஃபில்டர் கட்டாயம். பேச்சு 3400 ஹேர்ட்ஸுக்குள் அடங்கிவிடும், இணையம் அதற்கு மிக மேலே ஓடும்; ஃபில்டர் இரண்டையும் பிரிக்கிறது. இல்லாவிட்டால் ஒவ்வொரு செய்தியிலும் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் ஏறும், போன் அடிக்கும்போதெல்லாம் இணையம் விழும். வீட்டில் வேறு போன்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபில்டர் வேண்டும். ஃபைபரிலும் சிம் ரவுட்டரிலும் இது தேவையில்லை.

3. அடப்டரைப் பூட்டி, கோர்ட்லெஸ் என்றால் பற்றரியைப் போட்டு முதல் தடவை முழுதாக சார்ஜ் ஏற விடுங்கள். அதில் இருக்க வேண்டியது திரும்பச் சார்ஜ் ஏற்றும் பற்றரி. பெட்டிக்கடையில் வாங்கிய சாதாரண பற்றரியைப் போட்டால் ஒழுகி உள்ளே அரித்துவிடும்.

4. திகதியும் நேரமும் வையுங்கள். இதை விட்டுவிடுபவர்கள் நிறைய. பிறகு மெஷின் "திங்கள், நள்ளிரவு பன்னிரண்டு" என்று எல்லாச் செய்திக்கும் ஒரே நேரம் சொல்லும்.

5. டயல் முறையை 'டோன்' இல் வையுங்கள். பழைய மெஷின்கள் 'பல்ஸ்' இல் இருந்தால் ஃபைபர் பெட்டிகள் பலவற்றில் எண்ணே போகாது.

6. கைபேசியிலிருந்து எடுத்து, மெஷின் எடுக்கும் வரை கைக்கடிகாரத்தில் நேரம் பாருங்கள். அந்த விநாடிக் கணக்கைக் குறித்துவையுங்கள், அடுத்த பகுதிக்குத் தேவைப்படும்.

எத்தனை ரிங்கில் எடுக்க வேண்டும்

இதை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். நமது லைனில் மணி இரட்டையாக ஒலிக்கும்: ட்ரிங்-ட்ரிங், பிறகு இரண்டு விநாடி அமைதி. ஒரு சுற்று 3 விநாடி. ஆகவே 4 ரிங் என்பது 12 விநாடி, 6 ரிங் என்பது 18. வட அமெரிக்காவில் ஒரு சுற்று 6 விநாடி. அங்கே 4 ரிங்கில் 24 விநாடி கிடைக்கும். அதனால் அங்கிருந்து வந்த மெஷினை 4 இல் அப்படியே விட்டால், முற்றத்தில் இருக்கும் ஒருவர் எழுந்து உள்ளே வருவதற்குள் மெஷின் பேசத் தொடங்கிவிடும். சில மெஷின்கள் இரட்டை மணியை இரண்டு ரிங் என்று எண்ணவும் கூடும். கடிகாரத்தை வைத்துப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

வயதானவர்கள் இருக்கும் வீட்டில் 6 அல்லது 7 ரிங் வையுங்கள். கடை, கிளினிக் என்றால் 3 அல்லது 4 போதும். வாடிக்கையாளர் அதற்கு மேல் காத்திருக்க மாட்டார்.

இப்போது தொலைபேசி நிறுவனத்தின் பக்கம். வொய்ஸ்மெயிலுக்கோ வேறு எண்ணுக்கோ கோலைத் திருப்பிவிடும் நேரம் பொதுவாக 15 விநாடிக்கும் 30 விநாடிக்கும் இடையில் இருக்கும். அங்கே 15 விநாடி, உங்கள் மெஷின் 6 ரிங் என்றால் மெஷின் ஒருநாளும் எடுக்காது. மெஷின் பழுது என்று கடைக்குக் கொண்டுபோகிறவர்களில் பலரின் பிரச்சினை இதுதான். இரண்டுக்கும் இடையில் குறைந்தது 8 முதல் 10 விநாடி இடைவெளி இருக்கட்டும்: மெஷின் 6 ரிங், அதாவது 18 விநாடி, நிறுவனத்தின் பக்கம் 30 விநாடி.

இப்படி வைத்தால் சாதாரண நாளில் மெஷின் எடுக்கும். கரண்ட் போய் மெஷின் இறந்திருந்தால், செப்பு லைனில் 30 விநாடிக்குப் பிறகு வொய்ஸ்மெயில் எடுக்கும். ஃபைபரில் பெட்டியே நின்றுவிடுவதால் நிறுவனத்துக்கு உங்கள் லைன் 'தொடர்பில் இல்லை' என்று தெரியும். அதனால் 'எடுக்காவிட்டால்' என்பதோடு 'தொடர்பில் இல்லாவிட்டால்', 'பேசிக்கொண்டிருந்தால்' என்ற இரண்டுக்கும் சேர்த்தே திருப்பச் சொல்லுங்கள்.

வொய்ஸ்மெயில் எடுப்பது

ஸ்ரீலங்கா ரெலிகொம் லைன் என்றால் 1212 க்கு எடுங்கள், முடிந்தால் அதே லைனிலிருந்து. தமிழில் பேசலாம். லைன் யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய அடையாள அட்டை இலக்கம் கேட்பார்கள். காலஞ்சென்ற தாத்தாவின் பெயரிலேயே லைன் ஓடும் வீடுகள் நம் ஊரில் குறைவில்லை. அப்படியென்றால் பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள். அதற்குக் கிளை அலுவலகத்துக்கு நேரே போவதே சுருக்கம்.

கேட்க வேண்டியவை: உங்கள் வகை லைனுக்கு வொய்ஸ்மெயில் உண்டா, மாத வாடகை எவ்வளவு, செய்தி கேட்க எந்த எண்ணுக்கு எடுப்பது, முதல் இரகசிய இலக்கம் என்ன, எத்தனை விநாடிக்குப் பிறகு திரும்பும், அதை 30 ஆக மாற்றித் தருவீர்களா. பதில்களை ஒரு கடதாசியில் எழுதிப் போனின் அடியில் ஒட்டிவையுங்கள், இரகசிய இலக்கத்தைத் தவிர.

வொய்ஸ்மெயில் இல்லை என்றால் 'எடுக்காவிட்டால் திருப்பு' வசதியைக் கேட்டு வீட்டில் ஒருவரின் கைபேசிக்குத் திருப்பிவிடலாம். திருப்பிய கோலின் கட்டணம் உங்கள் பில்லில் விழும் என்பதை மறக்க வேண்டாம். சிம் போட்ட மேசைப் போன்களில் கைபேசிக் குறியீடுகளே பெரும்பாலும் வேலை செய்யும்: **61*எண்*11*30# என்று அடித்து அழைப்புப் பொத்தானை அமத்தினால் 30 விநாடிக்குப் பிறகு திரும்பும். *#61# நிலையைக் காட்டும், ##61# அதை நிறுத்தும். விநாடியை 5 இலிருந்து 30 வரை ஐந்தைந்தாகத்தான் வைக்கலாம்.

இரகசிய இலக்கத்தை முதல் நாளே மாற்றுங்கள். 1234, 0000, பிறந்த ஆண்டு, போன் எண்ணின் கடைசி நாலு இலக்கம் எதுவும் வேண்டாம். சில வொய்ஸ்மெயில்களில் உள்ளே போனவர் அங்கிருந்தே வெளிநாட்டுக்கு எடுக்க முடியும். பில் உங்களுக்கு வரும். வெளிநாட்டுக்கு எடுக்கும் வழக்கம் இல்லாத வீடு என்றால் அந்த வசதியையே மூடச் சொல்லுங்கள்.

ஒரு குறை உண்டு. வொய்ஸ்மெயிலில் செய்தி வந்திருப்பதை அறிய, ரிசீவரை எடுத்து டயல் டோன் விட்டுவிட்டு ஒலிக்கிறதா என்று கேட்க வேண்டும். வயதானவர்கள் இதைக் கவனிப்பதில்லை. மெஷினில் சிவப்பு விளக்கு மின்னும், ஒரு பொத்தானை அமத்தினால் கேட்கும். அம்மா, அப்பா தனியாக இருக்கும் வீட்டுக்கு மெஷின்தான் என்பது எங்கள் முடிவு. வொய்ஸ்மெயில் பின்னுக்கு இருக்கட்டும்.

உங்கள் குரலில் பதிவு

மெஷினில் ஏற்கனவே இருக்கும் ஆங்கிலக் குரலை அப்படியே விட்டால் ஊரிலிருந்து எடுப்பவர்களில் பாதிப்பேர் வைத்துவிடுவார்கள். பதிவு செய்யும்போது ஃபானை நிறுத்துங்கள், யன்னலைச் சாத்துங்கள், மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பேசுங்கள். கோயில் ஒலிபெருக்கி, பாங்கு, பஸ் ஹோர்ன் ஓய்ந்த நேரம் பாருங்கள். 15 விநாடிக்குள் முடியுங்கள்:

"வணக்கம். இது பதிவு செய்த குரல். இப்போது போனை எடுக்க முடியவில்லை. பீப் சத்தம் கேட்ட பிறகு உங்கள் பெயரையும் போன் எண்ணையும் ஆறுதலாகச் சொல்லுங்கள். நாங்களே திருப்பி எடுக்கிறோம்."

"இது பதிவு செய்த குரல்" என்பதைத் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பெரியம்மாமார் உங்கள் "வணக்கத்துக்கு"ப் பதில் சொல்லி, சுகம் விசாரித்து, பீப் வருவதற்கு முன்னரே சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிடுவார்கள். "வீட்டில் ஒருவரும் இல்லை", "கொழும்புக்குப் போயிருக்கிறோம்" போன்றவை வேண்டாம். அது கள்ளனுக்குக் கொடுக்கும் தகவல். கடை, விடுதி என்றால் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒவ்வொரு வசனம் போதும். சிங்களத்தைச் சரளமாகப் பேசும் ஒருவரைக் கொண்டு பதியுங்கள்.

வெளியிலிருந்து கேட்பது

அநேக மெஷின்களில் உங்கள் வீட்டுக்கே எடுத்து, குரல் ஓடும்போது இரகசிய இலக்கத்தை அடித்துச் செய்திகளைக் கேட்கலாம். இலக்கம் பொதுவாக மூன்று எண். கம்பனி வைத்து அனுப்பியதை மாற்றுங்கள். வெளிநாட்டிலிருந்து எடுக்கும்போது 0094 26 (கனடா, அமெரிக்காவிலிருந்து 011 94 26), பிறகு ஏழு இலக்கம். 026 இன் பூச்சியம் வராது.

'டோல் சேவர்' என்ற அமைப்பு இருந்தால், புதுச் செய்தி இருக்கும்போது மெஷின் சீக்கிரம் எடுக்கும், இல்லாதபோது தாமதிக்கும். பனசோனிக்கில் 2 ரிங், 5 ரிங். மூன்றாவது ரிங் கேட்டால் புதிதாக ஒன்றும் இல்லை என்று வைத்துவிடலாம், காசும் போகாது. ஆனால் எடுப்பவர் காதில் கேட்கும் ரிங்கும் வீட்டில் அடிக்கும் ரிங்கும் ஒன்றாக ஓடுவதில்லை, ஒன்று முன்பின்னாகலாம். தவிர, 2 ரிங்கில் எடுக்கும்போது வீட்டில் இருப்பவர் போனை எட்டவே முடியாது. வீடு பூட்டிக் கிடக்கும் நாட்களுக்கு மட்டும் இதைப் போடுங்கள்.

இலக்கத்தை அடித்தும் மெஷின் கேட்காவிட்டால், மலிவான இன்டர்நெட் கோலிங் செயலிகள் சத்தத்தை நெருக்கி அனுப்புவது காரணமாக இருக்கலாம். எண்ணை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் நீட்டி அமத்திப் பாருங்கள், அல்லது சாதாரணக் கோலாக எடுங்கள்.

அடிக்கடி வரும் கோளாறுகள்

செய்திக்குப் பதில் 'பூம்-பூம்' என்று ஒரு நிமிடம் பதிந்திருக்கிறதா? எடுத்தவர் பேசாமல் வைத்துவிட்டார். லைன் கொடுக்கும் முடிவுச் சத்தத்தை மெஷின் அடையாளம் காணவில்லை. வேறு நாட்டுக்குச் செய்த மெஷின்களில் இது சகஜம். நாட்டு அமைப்பு இருந்தால் மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஒரு செய்தியின் உச்ச நேரத்தை 1 நிமிடமாகக் குறையுங்கள், நினைவகம் சீக்கிரம் நிரம்பாது.

மெஷின் எடுத்த உடனேயே நின்றால், அறையில் இன்னொரு போனின் ரிசீவர் சரியாக வைக்கப்படவில்லையா என்று பாருங்கள். வேறு போன் எடுக்கப்பட்டால் லைனின் வோல்ட் விழும். மெஷின் அதைக் கண்டு விலகிவிடும்.

செய்தியில் கரகரப்பு இருந்தால் குற்றம் வீட்டிலா வெளியிலா என்று முதலில் பிரியுங்கள். எல்லாவற்றையும் கழற்றி, வயருள்ள சாதாரணப் போன் ஒன்றை முதல் சொக்கெட்டில் பூட்டி, ஏதாவது ஒரு எண்ணை அடியுங்கள். டயல் டோன் நிற்கும், அந்த அமைதியில் காது கொடுங்கள். அப்போதும் இரைந்தால் வெளி லைன்; 1212 இல் முறையிடுங்கள். மாரி மழைக்குப் பிறகு தூணில் உள்ள இணைப்புகளில் நீர் இறங்குவது வழமை. அமைதியாக இருந்தால் குற்றம் உங்கள் வயரிங்கில். மூன்று பக்கமும் கடல் உள்ள டவுனில் உப்புக் காற்று பிளக்கின் செப்பு முனைகளைப் பச்சை பிடிக்க வைக்கும். கரண்டைக் கழற்றிவிட்டு, ஐசோபுரோபைல் அல்கஹோல் தொட்ட பஞ்சால் துடைத்து நன்றாகக் காய விடுங்கள். பச்சை போகாவிட்டால் வயரையே மாற்றுவது மலிவு.

மின்வெட்டும் மின்னலும்

ஃபைபர் பெட்டிக்கு 12 வோல்ட் மினி யூ.பி.எஸ். வாங்கியிருந்தால் அதிலிருந்தே மெஷினுக்கும் கொடுக்க நினைக்காதீர்கள். பெட்டிக்கு 12 வோல்ட்; மெஷின்களுக்குப் பெரும்பாலும் 5 முதல் 9 வோல்டுக்குள். பிளக் முனை பொருந்திவிடும், உள்ளே எரிந்துவிடும். வெளியீட்டு வோல்டைத் தெரிவு செய்யக்கூடிய யூ.பி.எஸ். என்றால் மட்டும் சரி. இல்லாவிட்டால் மின்வெட்டு நேரத்தை வொய்ஸ்மெயிலிடம் விடுங்கள்.

மெஷினுக்குள் இரண்டு வழியாக மின்னல் நுழையலாம், போன் லைன் ஒன்று, கரண்ட் ஒன்று. சித்திரை மாதத்து மாலை இடியிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் இரண்டு வயரையும் கழற்றுங்கள். ஒன்றை மட்டும் கழற்றுவதில் பிரயோசனம் இல்லை. இடி தலைக்கு மேல் வந்த பிறகு கழற்றப் போக வேண்டாம், இருட்டும்போதே செய்யுங்கள். திரும்பப் பூட்டியதும், மெஷின் கோலை எடுக்கத் தயார் என்று காட்டும் 'ஆன்சர் ஓன்' விளக்கு எரிகிறதா, நேரம் சரியா என்று பார்த்துவிட்டு, கைபேசியிலிருந்து ஒரு தடவை எடுத்து உங்கள் குரல் வருகிறதா என்று கேளுங்கள். கம்பனியின் ஆங்கிலக் குரல் வந்தால் பதிவு அழிந்துவிட்டது, திரும்பப் பதிய வேண்டும்.